சுவரோரம் நின்ற தண்ணீர்

சின்னூரணியில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதுவும் பூரணத்தம்மாள் வீட்டு முற்றத்தில்தான் முதலில். பெயரில் ஊரணி இருக்கிறதே தவிர ஊரில் ஊரணி கிடையாது. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு, வராவிட்டால் லாரிக்காரர் வரும் நேரம்தான் விடியற்காலை. அப்படிப்பட்ட ஊரில் அன்றைக்குப் பூரணத்தம்மாள் இட்லிக் கொப்பரையையும் நாலு தட்டையும் கழுவி, கழுவின தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் சாய்த்துவிட்டாள். சாய்த்த தண்ணீர் சாக்கடை வாய் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தது, முகத்தைச் சுளித்த மாதிரி ஒரு சுழி சுழித்தது, திரும்பி வந்து அவள் கால் பெருவிரலைச் சுற்றிக்கொண்டு முற்றத்தைக் கடந்து, நடுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டது.

தரை சாய்ந்துவிட்டதோ என்று அவள் இன்னொரு செம்பு ஊற்றிப் பார்த்தாள். அதுவும் போய் முதல் தண்ணீர் பக்கத்தில் நின்றது. புருஷன் சுடலைமுத்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தண்ணி போக மாட்டேங்கு."

"எங்க போவணுமாம் அதுக்கு?"

"சுவருக்கு அந்தப் பக்கம்."

சுடலைமுத்து பம்பை வைத்துவிட்டு வந்து தண்ணீரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "உனக்கு இருக்கிற வீம்பு உன் தண்ணிக்கு இல்ல போல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் செல்லக்கிளி. சுடலைமுத்துவின் தம்பி வேம்புவுக்கு வாழ்க்கைப்பட்டவள், பூரணத்தம்மாளுக்கு ஓரகத்தி. இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே கல்லில் துவைத்து, ஒரு குடத்தில் இரண்டு தலை குளித்து இருந்தவர்கள்தான். முற்றத்தின் இந்தக் கோடியில் துவைக்கிற கல்லும் பாத்திரம் கழுவுகிற இடமும், அந்தக் கோடியில் மாமியார் வைத்த எலுமிச்சை மரமும் இருந்தன; அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடி மரத்துக்குப் போகும்; தண்ணீர் விழுகிற இடத்தில் எதை வைத்தாலும் அது மரத்துப் பக்கம் ஓடுகிற மாதிரி பார்த்து வைப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம்; அதை அவர்களுக்குப் பழக்கினவளே அந்த மாமியார்தான்.

அந்த மாமியார் ஒரு சித்திரை மாதம் செத்துப்போனாள். குழாயில் தண்ணீர் வந்து வெகுநாள் ஆகியிருந்த நேரம். தெருவில் வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்துத்தான், செத்தவளைக் குளிப்பாட்டுகிற நீர்மாலைக்குத் தண்ணீர் சேர்ந்தது. முற்றத்தில் பெஞ்சு போட்டு அவளை உட்கார வைத்து, முதல் குடத்தைத் தூக்கும்போது, பூரணத்தம்மாள் கண்ணில் நீர் வழிய வழிய, குனிந்து பெஞ்சை இரண்டு சாண் இழுத்துப் போட்டாள். ஏன் இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை இழுத்தது. குளிப்பாட்டின தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நேரே எலுமிச்சை மரத்துக்குப் போனது. செல்லக்கிளியின் பிறந்த வீட்டுச் சனம் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. செல்லக்கிளிக்கு அழுகையும் அவமானமுமாகச் சேர்ந்து வந்து, அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டாள்:

"செத்தவளைக் குளிப்பாட்டுத தண்ணியிலயும் மிச்சம் பிடிக்கியாக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கருமாதி முடிந்ததும் பூரணத்தம்மாள் பாகம் பிரிக்கச் சொன்னாள். முற்றத்தின் நடுவில் சுவர் எழும்பியது. கொத்தனார் நல்ல மனுஷன், தண்ணீர் போகட்டுமென்று சுவரின் அடியில் ஒரு ஓட்டை விட்டிருந்தார். பூரணத்தம்மாள் தன் கையாலேயே சிமெண்டைக் குழைத்து அதை அடைத்தாள். அன்றையிலிருந்து, நல்ல தண்ணீரில் ஒரு செம்பைக்கூட வீணாக்காத பூரணத்தம்மாள், கழுவின தண்ணீரையெல்லாம் சாக்கடையில் விட்டாள். சாய்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புருஷன்மார் இரண்டு பேரும் மட்டும் தினமும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு பேப்பரைப் பங்கு போட்டுப் படித்தார்கள்.

தண்ணீர் சுவரோரம் போய் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் செல்லக்கிளியின் மகள் முப்பிடாதி தலைப்பிரசவத்துக்கு வந்து இருந்தாள். முப்பிடாதியைப் பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டினது பூரணத்தம்மாள்தான். அவளை மட்டுமா, அந்தத் தெருவில் பாதிப் பேர் பூரணத்தம்மாள் நீட்டின காலில் கிடந்து குளித்தவர்கள். ஒரு குடம் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டி, மிச்சத்தில் பிள்ளை துணியையும் அலசிவிடுவாள். அவளுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். முப்பிடாதிக்குப் பிறக்கப் போகிற பிள்ளையைத் தன் காலில் போட்டுக் குளிப்பாட்டிவிட வேண்டும், அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், இதுதான் அவள் வேண்டிக்கொண்டது. பிள்ளை குப்புற விழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் காலில் நிற்காது, நழுவும். அதற்குள் வார்த்தை வர வேண்டும். வார்த்தை வருகிற மாதிரி தெரியவில்லை, தண்ணீர்தான் போய் நின்றது.

அந்த வாரமே தெரு முழுக்கத் தொற்றிக்கொண்டது. டீக்கடையில் கிளாஸ் கழுவின தண்ணீர் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துப் புங்க மரத்துக்குப் போனது, அந்த மரத்தடியில்தான் டீக்கடைக்காரரின் அப்பா சைக்கிளில் கேன் கட்டி டீ விற்றவர். டெய்லர் குளித்த தண்ணீர் மூன்று தெரு சுற்றிக்கொண்டு, அவர் வாலிபத்தில் பெண் கேட்டுக் கிடைக்காத வீட்டுக் கனகாம்பரத்துக்குப் போனது, டெய்லர் பெண்டாட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் நீங்கள் குளித்தது போதும் என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் எல்லோரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். மறுநாள் பார்த்துக்கொண்டே வேலையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம், எதிரே தண்ணீர் வந்தால் ஒதுங்கி நிற்பதும், மிதிக்காமல் தாண்டாமல் வழி விடுவதும், மாட்டுக்கு வழி விடுகிற மாதிரி ஆகிவிட்டது. வாத்தியார் வீட்டு அம்மா பைக்கை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "யார் வீட்டுத் தண்ணி இது, நீங்க போங்க" என்று சொல்லிக் காத்திருந்ததைக் கண்டவர்கள் உண்டு.

அந்த வாத்தியார் வீட்டு அம்மாவுக்கு ஒரு கஷ்டம். அவள் வீட்டில் துவைக்கிற மிஷின் இருந்தது. மிஷினிலிருந்து வெளியே வந்த தண்ணீர் தலை நிறைய நுரையைச் சுமந்துகொண்டு செடி செடியாகப் போய்க் கேட்டது, ஒரு செடியும் சேர்த்துக்கொள்ளவில்லை, வெண்டை சேர்க்கவில்லை, கத்தரி சேர்க்கவில்லை, கடைசியில் தெருமுனையில் வெயிலில் நுரை வெடிக்க வெடிக்க நின்றது, பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த அம்மா மறுநாளிலிருந்து சோப்புப் பொடியைப் பாதியாக்கினாள், அதிலும் பாதியாக்கினாள், கடைசி அலசு தண்ணீரைத் தனியாக விட்டாள். அது போய் ஒரு கத்தரிச் செடியில் நுழைந்ததும் அவள் வீட்டு வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மேலத் தெருவில் ஒரு வீடு இருந்தது, வாய் கொப்பளிக்க ஒரு வாளி, கால் கழுவ ஒரு வாளி என்று வாழ்ந்த வீடு. அவர்கள் வீட்டுத் தண்ணீர் தெருவில் திருவிழாக் கூட்டம் மாதிரி வந்தது, டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது, பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டி, யார் வீட்டு ஊர்வலம் என்று கேட்டார்கள். வெட்கத்தில் அந்த வீட்டுக்காரர்கள் செம்பால் அளந்து குளிக்க ஆரம்பித்தார்கள். இன்னொருவர் அதற்கு நேர் எதிர், முகம் கழுவினால் கை நனைவதோடு சரி. அவர் வீட்டுத் தண்ணீர் கிளம்பி நாலு வீடு தாண்டுவதற்குள் வற்றிப்போகும், அதைப் பார்த்த பெண்கள் மனசு கேட்காமல் ஒரு தம்ளர் ஊற்றி, போய்ச் சேரட்டும் என்று விட்டார்கள்.

இதை விசாரிக்க டவுனிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். பார்த்தார், போட்டோ எடுத்தார், மத்தியானம் டீக்கடையில் புரோட்டா சாப்பிட்டுக் கை கழுவினார். அவர் கை கழுவின கொஞ்சம் தண்ணீர் மெயின் ரோட்டில் ஏறி மேற்கே பார்த்து நடக்க ஆரம்பித்தது. மேற்கே என்ன ஐயா இருக்கிறது என்று கேட்டதற்கு, எங்க அம்மா இருக்காங்க என்று சொன்னவர், ஜீப்பில் ஏறி அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். அப்புறம் அவர் விசாரிக்க வரவில்லை.

ஒரு மாதத்தில் சின்னூரணிச் சாக்கடையெல்லாம் காய்ந்து, அதில் பிள்ளைகள் கோலி விளையாடினார்கள். கொசு ஒழிந்தது. பட்டுப்போனது என்று விட்டிருந்த மரங்கள் தளிர்த்தன. ஊருக்குள் ஒரு மரியாதையும் உண்டாகிவிட்டது: ஒருவர் முன்னால் வந்து தண்ணீர் நின்றால், அது கிளம்புகிற வரைக்கும் அவர் எழுந்து போகக்கூடாது, அது ஏதோ வேலையாக வந்திருக்கிறது என்று அர்த்தம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கிடையாது, எல்லோரும் அப்படி நடந்தார்கள்.

பூரணத்தம்மாள் வீட்டுத் தண்ணீர் மட்டும் எங்கேயும் போகாமல் சுவரோரத்திலேயே நின்றது. அவள் அதற்கென்று ஒரு வாழைக்கன்று வாங்கி வைத்தாள், அது வாழையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றது. அவள் திட்டினாள். "போ. அங்க என்ன இருக்கு உனக்கு? அவ கூப்பிட்டாளா? கூப்பிடாத வீட்டுக்குப் போவியா நீ?" என்று கேட்டாள். தண்ணீர் நின்ற இடத்திலேயே கொஞ்சம் அசைந்து கொடுத்தது. தெருவழியாகப் போனால் போகலாமே என்று சுடலைமுத்து கேட்டார், மற்ற வீட்டுத் தண்ணீரெல்லாம் அப்படித்தானே போகிறது என்றார். அது தானாகப் போகாது, கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று நிற்கிறது என்பது பூரணத்தம்மாளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

முப்பிடாதிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வந்து நின்ற சத்தத்தைப் பூரணத்தம்மாள் உள்ளே இருந்தபடியே கேட்டாள். ஆரத்தி கரைத்துச் சுற்றின சத்தம், வேம்பு ஆட்டோக்காரருக்கு மிட்டாய் கொடுத்த சத்தம், பிள்ளை தும்மின சத்தம்கூடக் கேட்டது. வார்த்தை மட்டும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு சின்னத் தண்ணீர் இறங்கியது. தெருவில் கால் வைத்தது, திரும்பியது, பூரணத்தம்மாள் வீட்டு வாசலில் ஏறி, நிலைப்படியைத் தாண்டி, உள்ளே வந்து அவள் காலடியில் நின்றது. அதில் மஞ்சள் வாசமும் கடலைமாவு வாசமும் அதற்கு அடியில் பால் வாசமும் இருந்தது. பூரணத்தம்மாள் அரிவாள்மனையை நகர்த்தி வைத்தாள். உள்ளங்கையை அதில் வைத்தாள். கண்ணால் பார்க்காத பிள்ளையின் சூடு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது கிளம்புகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை, அன்றைக்கு வெண்டைக்காய்க் குழம்பு மத்தியானம் தாண்டித்தான் கொதித்தது.

தினமும் வந்தது. தெருவில் உள்ளவர்கள் வழி விட்டார்கள், வேம்பு பேத்தி பெரியாச்சி வீட்டுக்குப் போறா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், செல்லக்கிளியிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே செல்லக்கிளிக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முதலில் பிள்ளையைக் குளிப்பாட்டப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாள். அவள் மகள் வீட்டில் விசேஷம் என்று நின்றுபோன பிறகு செல்லக்கிளியே குளிப்பாட்டினாள். பூரணத்தம்மாளுக்கு அது யாரும் சொல்லித் தெரியவில்லை, தண்ணீரிலேயே தெரிந்தது. மஞ்சள் திப்பி திப்பியாக வந்தது, சோப்பு சரியாகக் கழுவாமல் வந்தது.

ஒரு நாள் காலையில் அந்தத் தண்ணீர் வந்து காலில் பட்டபோது பூரணத்தம்மாள் திடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. முற்றத்தைக் கடந்து, தெருவில் இறங்கி, நிழலில் நடந்து, சிமெண்டுத் தரையில் ஊர்ந்து வந்த தண்ணீரில் இவ்வளவு சூடு மிச்சமிருந்தால், பிள்ளை மேல் விழும்போது எவ்வளவு இருந்திருக்கும்?

அவள் செருப்புப் போடவில்லை. அவிழ்ந்த கொண்டையை முடியவில்லை. கரண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலில் இறங்கினாள். அவள் இறங்கினதும், அத்தனை நாளாகச் சுவரோரம் நின்ற தண்ணீரெல்லாம் ஒன்றாகக் கூடி, அவள் சேலை முந்தானைக்குப் பின்னாலேயே கிளம்பியது. தெரு ஒதுங்கியது. அவள் செல்லக்கிளி வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், பின்னால் வந்த தண்ணீர் அவளை விட்டுப் பிரிந்து எலுமிச்சை மரத்தடிக்குப் போய் இறங்கியது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

செல்லக்கிளி முற்றத்தில் பலகை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலில் பிள்ளை செக்கச் சிவந்து கத்திக்கொண்டிருந்தது. முப்பிடாதி பக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு அழுகிற முகமாக நின்றாள். செல்லக்கிளிக்கும் முகமெல்லாம் வேர்வை. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் வெந்நீரை மேலும் மேலும் ஊற்றியிருந்தாள், தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றியிருந்தாள். அந்தக் கையை அப்போதுதான் பூரணத்தம்மாள் பார்த்தாள். பாகம் பிரித்த பிறகு உப்பளத்துக்குப் போய், வருஷக்கணக்காக உப்பு வாரி வாரி, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பேறிப் போயிருந்தது. அந்தக் கைக்குச் சூடு தெரியாது, உப்பில் நின்று மரத்த காலுக்கும் தெரியாது.

முற்றத்து ஓரத்தில் நின்றபடி பூரணத்தம்மாள் சொன்னாள்:

"விளாவு."

செல்லக்கிளி தலை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து வந்த முதல் வார்த்தை அது. அவள் செம்பை எடுத்து, குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மோந்து, வெந்நீரில் ஊற்றினாள்.

"இன்னும் ஒரு செம்பு."

ஊற்றினாள். பூரணத்தம்மாள் கிட்டே போய், குனிந்து, முழங்கையை நனைத்துப் பார்த்தாள். "ம்" என்றாள்.

செல்லக்கிளி பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். "எனக்குத் தெரியலக்கா" என்றாள். "சுடுதா சுடலையான்னே எனக்குத் தெரியல."

பூரணத்தம்மாள் அவள் பக்கத்தில் சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். முதுகில் ஒரு கை தண்ணீர், தோளில் ஒரு கை, அக்குளில் கொஞ்சம், தொடை மடிப்பில் கொஞ்சம், தலைக்கு விரல் வழியாகச் சொட்டுச் சொட்டாக. ஒரு குடத்தில் பாதிகூடச் செலவாகவில்லை, பிள்ளை கத்துவதை நிறுத்தி ஒரு கண்ணைத் திறந்து இது யார் என்று பார்த்தது. முப்பிடாதி, "பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள். "துண்டை விரி மக்கா, ஈரம் காயுறதுக்குள்ள சாம்பிராணி போடு" என்று சொல்லி அவளிடம் பிள்ளையைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, பூரணத்தம்மாள் எழுந்திருக்கப் போனாள். அப்போது பார்த்தால், குளிப்பாட்டின தண்ணீர் கிளம்பவில்லை. இரண்டு பேருடைய நீட்டின காலுக்கும் நடுவில், இத்தனூண்டு தண்ணீர், அப்படியே உட்கார்ந்திருந்தது. ஊர் மரியாதை ஒன்று இருக்கிறதே. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். செல்லக்கிளியும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா" என்றாள் செல்லக்கிளி. "அன்னைக்கு அத்தைக்கு உயிர் மட்டும் இருந்திருந்தா, நீ பெஞ்சை இழுக்கதுக்கு முன்ன அவளே இழுத்துப் போட்டிருப்பா."

பூரணத்தம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "இழுத்துப் போட்டிருப்பாளா?" என்றாள். "ரெண்டு சாண் எதுக்குட்டி, ஒரு சாண் போதும்னு என்னைய வஞ்சிருப்பா."

செல்லக்கிளிக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே அன்றைக்குத் தன் பிறந்த வீட்டுச் சனம் என்னென்ன சொன்னது என்று ஆரம்பித்தாள், அதற்குப் பூரணத்தம்மாள் ஒரு பதில் சொன்னாள், அதிலிருந்து உப்பளம் வந்தது, திருப்பூர் வந்தது, மருமகன் நல்லவரா என்று கேள்வி வந்தது, கையைக் காட்டு பார்ப்போம் என்று பூரணத்தம்மாள் அவள் உள்ளங்கையை வாங்கி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள், இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்டாள். உள்ளே பிள்ளை தூங்கிவிட்டது. பூரணத்தம்மாள் வீட்டு அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாசம் வந்து, வந்து, அடங்கியும் போனது.

மத்தியானம் டீக்கடையிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒன்றாக வந்து வாசலில் நின்றார்கள். வேம்புதான் மெதுவாக, சோறு ஆச்சா என்று கேட்டார்.

"பிள்ளைத் தண்ணி இன்னும் உட்கார்ந்திருக்குல்லா" என்றாள் செல்லக்கிளி, திரும்பிப் பார்க்காமலே. "நாங்க எப்படி எழுந்திருக்க?"

வேம்பு எட்டிப் பார்த்தார். இரண்டு பேருடைய காலுக்கும் நடுவில் தரை எப்போதோ காய்ந்து, வெயில் ஏறி, வெள்ளை வெளேரென்று கிடந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுடலைமுத்து அவர் தோளைத் தொட்டு, வா, ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்.